டைரக்டர் பிரைட்

துபாயில் தேரா என்ற கடைவீதிப் பகுதியில் ருஸ்தம் என்ற வியாபாரிக்கு ஒரு குடோன் இருந்தது. சோவியத் உடைந்தபோது தனியாகப் பிரிந்த நாடுகளில் ஒன்று அவனுக்கு ஊர். ஏ.சி., வாஷிங் மெஷின், டயர் என்று கண்டெய்னர் கண்டெய்னராக அங்கே அனுப்புவான். ஞானசிங் அந்தக் குடோனில் பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர். குளச்சல் பக்கத்துக்காரன். ருஸ்தமோடு மல்லுக்கட்டியே ரஷ்ய மொழி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன்.

அந்த நாட்டுக் கஸ்டம்ஸ் அதிகாரி ஜனவரிதோறும் குடும்பத்தோடு துபாய்க்கு வருவார். வியாபாரிகள் முறைவைத்து ஹோட்டல் போட்டுக் கொடுப்பார்கள், தங்கக்கடைக்குக் கூட்டிப்போவார்கள். லஞ்சம் என்று ஒருத்தன் வாயிலும் வராது. வாங்கிக்கொண்டு காரியத்தை முடிப்பவன் நல்ல அதிகாரி, வாங்கிக்கொண்டு இழுத்தடிப்பவன் கெட்டவன், அவ்வளவுதான் அவர்கள் நியாயம். பயம் ஒன்றே ஒன்றுதான்: அதிகாரி மாறிவிடக் கூடாது. புதிதாக வருகிறவன் தன்னை யோக்கியன் என்று காட்ட முதலில் ஒரு ஆளைப் பிடித்து உள்ளே போடுவான். அதற்கப்புறம்தான் கை நீட்டுவான்.

2006 மார்ச்சில் அதிகாரி மாறினார். ருஸ்தமின் ஒன்பது கண்டெய்னர்கள் எல்லையில் நின்றுபோயின. அவற்றை விடுவதற்குப் புது அதிகாரி ஒரு ஆளைக் கேட்டார்: அங்கே உள்ள ருஸ்தமின் கம்பெனிக்கு ஒரு டைரக்டர் வேண்டும், பழைய அதிகாரிக்குப் போனதெல்லாம் அவன் கொடுத்ததாகப் பேப்பரில் இருக்க வேண்டும், அவனே நேரில் வந்து மாட்ட வேண்டும். இதை ருஸ்தம் டீ குடித்துக்கொண்டே சொன்னான். முதலில் ஞானசிங்கைத்தான் நினைத்தானாம். ஆனால் குடோனை யார் பார்ப்பது? உன் ஊரில் வேறு ஆளா இல்லை என்று கேட்டான். ஞானசிங் ஒருநாள் டைம் கேட்டான். தன் கழுத்துக்கு வந்தது விலகுகிறதே, அந்தப் பாவி வேறென்ன செய்வான்!

ஆள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தான். ஊரில் ஒரே தெருக்காரன் பிரைட், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்துகொண்டு கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவன். வெள்ளிக்கிழமை தவறாமல் கராமா ஏரியாவில் ஞானசிங் தங்கியிருந்த ரூமுக்கு வந்து, நல்ல வேலை ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்று நிற்பான். அந்த மாதம் அவன் காண்ட்ராக்ட் முடிந்து விசா கேன்சல் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி சுபிஷா, இரண்டு பெண் குழந்தைகள்.

டைரக்டர் வேலை என்றதும் பிரைட் அழுதேவிட்டான். கம்பி கட்டுகிறவனை எவன் டைரக்டர் ஆக்குவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சொன்னது ஊர்க்காரன் அல்லவா. விசிட்டிங் கார்டு அடித்து வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்கள் முழுக்க ரஷ்ய மொழியில் இருந்தன.

"அண்ணே, நீங்க வாசிச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன் மக்கா. ஒண்ணுமில்ல, போடு."

பதினேழு இடத்தில் பிரைட் அழகாகக் கையெழுத்துப் போட்டான். ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் ஞானசிங்தான். குளிர் நாடு என்று ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுத்தான், மகராசன்.

மூன்றாம் நாள் பிடித்தார்கள். ஐந்து வருஷம் தீர்ப்பு. பிடித்த வாரமே கண்டெய்னர்கள் நகர்ந்தன. புது அதிகாரி தங்கமான மனுஷன், நம்மைப் புரிந்துகொள்கிறார் என்று ருஸ்தம் கடை கடையாகச் சொல்லித் திரிந்தான். சுபிஷாவிடம் ஞானசிங், பிரைட் அங்கே போய் ஏதோ தில்லுமுல்லு பண்ணிவிட்டான், படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கவில்லை என்றான். அவள் நம்பினாள். புருஷன் செய்த காரியத்துக்கு அவனிடமே மன்னிப்புக் கேட்டாள். அவனும் பெரிய மனதோடு, பரவாயில்லை என்றான்.

டிசம்பரில் அந்தத் தங்கமான அதிகாரிக்குப் பிரமோஷன் வந்து, வேறொருத்தர் அங்கே உட்கார்ந்தார். நான்கு கண்டெய்னர்கள் நின்றுபோயின. ருஸ்தம் இந்த முறை விளக்கமெல்லாம் சொல்லவில்லை. ஞானசிங்கை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சுபிஷா போன் செய்தாள். வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை, பிள்ளைகளை ஸ்கூலில் இருந்து நிறுத்திவிட்டேன் என்று அழுதாள். அவள் தம்பி பெபின் டிப்ளமா முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான்.

"அவரு உங்க பேரக் கெடுத்திட்டாரு. ஆனா எங்களுக்கு உங்கள விட்டா ஆளில்லண்ணே. தம்பிக்கு ஒரு வேல பாத்துத் தருவியளா?"

ஞானசிங் இந்தத் தடவை ஒருநாள் டைம் கேட்கவில்லை.

"அவன் பாஸ்போர்ட் காப்பிய அனுப்பு மக்கா," என்றான்.