நீந்தத் தெரியாத வள்ளக்காரர்

1983 ஜனவரி 9, ஞாயிறு. குளித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்தபின் மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போனேன். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு கடலில் முங்கிப் பார்க்க ஆசைப்பட்டான். அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் வள்ளக்காரரை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துறையிலிருந்த வள்ளக்காரர்கள் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "பையன் தண்ணியில தத்தளிச்சா என்ன பண்ணுவேள்?"

இருவர் உடனே குதிப்போம் என்றார்கள். மூன்றாமவர் குள்ளமானவர், காதில் பீடி செருகியிருந்தார். அவர் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுநுனி வள்ளத்தில் கட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"குதிக்க மாட்டேன் சாரே. எனக்கு நீந்த அறியாது."

பக்கத்து வள்ளக்காரர் சிரித்தார். "சேட்டன் குளிக்கிறதே வாளியிலதான்."

"நீந்தத் தெரியாம வள்ளம் ஓட்டறேளா?" என்றேன்.

"வள்ளம் தலைகீழா மறிஞ்சா இவன் நீந்திக் கரைக்குப் போயிடுவான். என் வள்ளம் மறியக் கூடாது சாரே."

வீடு திரும்பியும் யோசித்தேன். முங்கப் போகிறவனுக்கு நீந்தத் தெரியாதவரை அமர்த்துவது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. குதிப்போம் என்றவர்களின் உற்சாகத்தையும் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கொச்சங்காடியில் கடை திறக்கக் காத்திருந்து, மைத்துனன் இடுப்புக்கும் ஒரு கயிறு வாங்கிக்கொண்டு அவருடைய வள்ளத்துக்குப் போனேன்.