சியாகுல்லி ஏற்றத்தில் என் மனைவி

பிரான்சின் மலைக்கிராமச் சாலைகளில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டும் குழுவில் சேர என் மனைவி விரும்பினாள். அவள் நாற்பது வயதில், நாங்கள் இப்போது வாழும் பலேர்மோ நகருக்கு வந்த பிறகுதான் சைக்கிள் பழகினாள்.

"முதலில் நகருக்கு வெளியில இருக்கிற சியாகுல்லி மலை ஏற்றத்தைச் சைக்கிளால இறங்காமல் ஏறிக் காட்டும், பாப்பம். பிறகு பிரான்சைப் பற்றிக் கதைப்பம்," என்றேன்.

ஞாயிறு காலை, ஆரஞ்சு மணக்கும் தோடைத் தோட்டங்களுக்கு நடுவே, வாகனமில்லாத சாலையில் புறப்பட்டோம். நான் யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓட்டி வளர்ந்தவன். கியரைக் குறைப்பது இயலாதவர் வேலை என்று நினைத்தேன். மூன்றாவது வளைவில் மூச்சு வாங்க, இறங்கித் தள்ளினேன். சின்னக் கியரில், சீராக மிதித்தபடி அவள் என்னைக் கடந்தாள்.

"என்னப்பா, சைக்கிளுக்கு நடை பழக்கிறியளோ?"

உச்சியில் எனக்காகக் காத்திருந்தாள். "பிரான்சுக்கு நீங்களும் வாறியளோ?"

"நீர் போம். நான் கியர் மாத்தப் பழகிறன்."

மாலையில் பிரான்ஸ் பயண விண்ணப்பத்தில் அவள் பெயரை நானே எழுதினேன். நான் தோற்ற கதையை நானே பெருமையாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.