மூடியின் வளைவு

இரத்தோட்டைப் பாதையில் ஒரு முதலாளி கராம்பு எண்ணெய் காய்ச்ச நீராவிக் கொப்பரை ஒன்று கேட்டார். மாத்தளையில் நான் வேலை பார்த்த பட்டறைதான் செய்துகொடுத்தது. கணக்கு என்னுடையது, வெல்டிங் என் தங்கச்சி புருஷனுடையது. நான் டிப்ளோமா முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த ஒருவன் தடித்த புத்தகத்தைத் திறந்து கணக்குப் போடுவதைப் பட்டறையே பார்க்கிறது என்ற நினைப்பு எனக்கு.

மூடி ஒரு மீட்டர் அகலத்தில் தட்டையான இரும்பு வட்டம். நீராவி அழுத்தும்போது அதன் நடுப்பகுதி மேலே வளையும். அதிகம் வளைந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும். விளிம்பு அசையாமல் இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வந்தது.

முதலில் தண்ணீர் நிரப்பி, அதே அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். வளைவை அளக்க மூடியின் நடுவில் வைத்த டயல் கேஜை மச்சான் குனிந்து பார்த்தார்.

"மச்சான், நீ அரைன்னு சொன்ன. முள்ளு ரெண்டரையில நிக்குதே. போல்ட்டு பத்தலையோ?"

"அது பழைய கேஜ். கணக்கு சரி."

"படிச்சவன் நீ சொன்னா சரிதான்," என்றார். கேலியில்லை. நம்பித்தான் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் நீராவி விட்டார்கள். ஓரத்து அடைப்பு பிய்ந்து, பக்கத்தில் நின்ற மச்சானின் முகத்திலும் நெஞ்சிலும் ஆவி அடித்தது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆனால் கலவரம் என்று மத்தியானமே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மறுநாள்தான் வண்டி கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் அவர் உயிர் போய்விட்டது.

சாவு வீட்டிலிருந்து வந்து புத்தகத்தை எடுத்தேன். விளிம்பு இறுகாமல் சும்மா தாங்கி நின்றால் வளைவு நாலு மடங்கு என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. எங்கள் மூடிக்குப் போல்ட்டும் குறைவு, விளிம்பும் மெல்லிசு. நாலால் பெருக்கினேன். இரண்டரை வந்தது.

ஊரடங்குதான் அவரைக் கொன்றது என்று எல்லாரும் சொன்னார்கள். கருமாதிக்கு மறுநாள், தப்பு என் கணக்கில்தான் என்று தங்கச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போல்ட்டு பத்தலன்னு அவரு ஒங்ககிட்ட சொன்னாரா அண்ணே?"

"சொன்னாரு."

"அப்ப நீங்க ஏன் கேக்கல?"

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவர்களுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் வந்திருந்தது. போகிற எண்ணம் மச்சானுக்கு இருந்ததில்லை. அவர் இறந்த பிறகு அவள் பிள்ளையோடு கிளம்பினாள். மாத்தளை ஸ்டேஷனில் பிள்ளை மட்டும் எனக்குக் கை காட்டியது.

ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. "பிள்ளை வளர்ந்து, அப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டா ஊரடங்குன்னுதான் சொல்லுவேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க," என்று எழுதியிருந்தாள்.

பட்டறையை விட்டு நான் எப்போதோ நின்றுவிட்டிருந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். முடியவில்லை.