எட்டு பர்லாங்கு ஒரு மைல்

யுத்த காலத்தில் அரிமளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தார், மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒல்லியான உடம்பு, சேலைத் தலைப்பில் எப்போதும் சாக்கட்டித் தூள். மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார்.

கணக்கைக் கதையாகச் சொல்வது அவர் வழக்கம். யார், எங்கே, என்ன நடந்தது என்று பிள்ளைகளைச் சொல்லவைத்த பிறகே மைலைப் பர்லாங்காக மாற்றச் சொல்வார்.

ஒருநாள் கதையில், ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஒருவர் ஊருக்கு நடந்தே கிளம்பினார். "தினம் பன்னெண்டு மைல். எத்தனை பர்லாங்கு?"

"தொண்ணூத்தாறு டீச்சர்," என்ற ஒரு சிறுமி, "அவரு வீட்டுக்கு வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

டீச்சரின் கணவர் ரங்கூனில் கடை வேலைக்குப் போனவர். ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை.

"முடிவை நீங்களே எழுதி வச்சிட்டுப் போங்க," என்றார் டீச்சர்.

பள்ளி விட்ட பிறகு எட்டிப் பார்த்தேன். சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்த எல்லாவற்றிலும் அந்த மனிதர் வீடு வந்து சேர்ந்திருந்தார். ஒன்றில், வந்ததும் சோறு கேட்டிருந்தார்.

"கிளம்பலையாங்க?" என்றேன்.

"இன்னும் மூணு சிலேட்டு இருக்குங்க. படிச்சிட்டு வாரேன்."

அடுத்த மாதம் எனக்கு மாற்றலாகிவிட்டது. அவர் கணவர் வந்தாரா என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.