என் டவுசரில் கைகுலுக்கிய நாடு

காலையில் பெரிய பேரன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். துணைக்கு நிற்பேன் என்று சொல்லிவந்த பெரிய நாடு இப்போது பின்வாங்குகிறதாம். அதை நம்பியிருந்த நாடுகள் பதறிப்போய், பீரங்கிக்கும் விமானத்துக்கும் பணத்தைக் கொட்டுகின்றனவாம். கீழே இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படம். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஏன் என்று கேட்டான். எழுதித் தருகிறேன், உன் தங்கச்சியும் படிக்கட்டும் என்றேன்.

பசங்களா, நான் நாலாவது படிக்கும்போது என் டவுசரின் பின்பக்கத்தில் இதே மாதிரி இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன!

நைனார்பாளையம் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் உப்புமா போடுவார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மக்காச்சோள மாவு. லேசாகப் புளித்த வாடை. அது மூக்கில் ஏறினால் எனக்குக் கணக்கு மறந்துவிடும். (ஏறாவிட்டாலும் மறக்கும், அது வேறு விஷயம்.) மாவு வந்த துணிப்பையில் இரண்டு கை கோத்த படம் அச்சடித்திருக்கும். நட்பு என்று அர்த்தமாம். காலிப் பை ஒன்றைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கி அம்மா எனக்கு டவுசர் தைத்துவிட்டாள். எத்தனை துவைத்தும் அந்த நட்பு போகவில்லை.

அப்போதுதான், அறுபத்தைந்தில், பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அமெரிக்கா ஆயுதம் தருவதை நிறுத்திவிட்டது, மாவுக் கப்பலும் தாமதம் என்றார்கள். உப்புமா நின்றது. எல்லாரும் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை நாட்டுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பிரதமர் கேட்டுக்கொண்டார். எங்களுக்கோ ஒரே வேகம். மூங்கில் கழியெல்லாம் துப்பாக்கி ஆயிற்று. யுத்த நிதி திரட்டக் கள்ளக்குறிச்சிக்கு மந்திரி வருகிறார், அவர் முன்னால் எங்கள் பள்ளியும் அணிவகுத்துப் போக வேண்டும். கொடி பிடித்து முதலில் போக ட்ரில் வாத்தியார் என்னைத்தான் பொறுக்கினார். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் இல்லை.

கள்ளக்குறிச்சி மைதானத்தில் லாரியை விட்டு இறங்கினேன். பின்னாலிருந்து என் வகுப்பு அருளப்பன் கத்தினான்.

"டேய், நம்மள வுட்டுட்டுப் போன நாடு உன் குண்டியில குந்திகினு கீதுடா!"

வாத்தியார் திரும்பினார். "இன்னாடா இது? இத்தோட மந்திரி முன்னாடி போவியா? கொடிய அருளப்பன்கிட்ட குடு."

எனக்கு உயிரே போயிற்று. "சார், பின்பக்கத்த காட்டவே மாட்டேன் சார். சத்தியமா சார்!"

அதற்குள் பேண்டு முழங்கிவிட்டது. அவருக்கும் வேறு வழியில்லை. கொடியோடு புறப்பட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். மேடையருகே வந்ததும் முகத்தை மந்திரிக்குக் காட்டியபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தேன். என்னைப் பார்த்து அதேபோல் நடந்த பையன்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்து விழுந்தார்கள்.

"இங்க வா தம்பி. ஏன் நண்டு மாரி போற?" என்றார் மந்திரி.

மேடையேறி, திரும்பிக் காட்டினேன். மைதானமே சிரித்தது. அவரும்தான். வாத்தியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாவு இப்ப வருதா?"

"மூணு வாரமா வரலீங்க."

"திங்கக்கிழமை ராத்திரி நீயும் சாப்புடறதில்லையா?" என்று மைக்கை என் வாய்க்கு நேராகத் தாழ்த்தினார்.

நெஞ்சை நிமிர்த்திக் கத்தினேன்: "எங்க வூட்ல எல்லா நாளும் திங்கக்கிழமைதாங்க!"

நாட்டுக்கு மற்றவர்களைவிட நாங்கள்தான் ஜாஸ்தி கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமை. கைதட்டலுக்குக் காத்து நின்றேன். யாரும் தட்டவில்லை. மந்திரி கையிலிருந்த பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீயே முன்னாடி போப்பா," என்றார், மெதுவாக.

போனேன், பசங்களா! இந்தத் தடவை நேராக, ஊருக்கே முதுகைக் காட்டிக்கொண்டு.

கப்பல் மாவு போயிற்று, நாமே விளைவிக்கிறோம். பீரங்கிகூட இங்கேயே செய்கிறார்களாம். சந்தோஷம்தான். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மைக்கைத் தாழ்த்திப் பிடித்து நிற்கிற தலைவரைத்தான் அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.