மிக்-21 இருக்கையின் சேஃப்டி பின்: குரும்பலூரிலிருந்து கல்லங்குறிச்சி வரை

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் போனேன். எல்லோரும் போகும் பெருமாள் கோயிலுக்கு அல்ல. அப்பாவுடன் விமானப்படையில் வேலை பார்த்த சிவலிங்கம் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்க.

அப்பா ஒரு போர் விமானப் பிரிவில் தரைப் பணியாளர். அந்தப் பிரிவு முதலில் ஹண்டர் விமானங்களை ஓட்டியது, பிறகு மிக்-21. மிக் பழசானதும் பிரிவையே மூடிவிட்டார்கள்; பிரிவின் எண் மட்டும் ஏட்டில் இருக்கிறது. அதன் வரலாற்றை இணையத்தில் தேடியபோது ஒரு வரி கண்ணில் பட்டது: புறப்பட்ட சில நொடிகளில் ஒரு விமானம் விழுந்தது, விமானி வெளியே குதிக்கவில்லை. அன்று அந்த விமானத்தைத் தயார் செய்து அனுப்பியவர் அப்பா என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழாது.

போன ஐப்பசியில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பென்ஷன் புத்தகம் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சிவப்புத் துணி கட்டிய எஃகு பின் ஒன்று கிடைத்தது. துணியில், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையின் பெயரும் விமானத்தின் எண்ணும் இருந்தன. இணையத்தில் பார்த்த, விழுந்த விமானத்தின் அதே எண். மாட்ட வேண்டியதை மாட்டாமல் அனுப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து 8.20க்கு அரியலூர் பஸ், இருபத்தெட்டு ரூபாய். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஜன்னலை மூடியும் பல்லில் தூசி.

"கோயிலுக்காங்க? சனிக்கிழமை வந்திருந்தா ஷேர்ல போயிருக்கலாம். இன்னிக்கு நீங்க ஒரே ஆளு, நூத்தம்பது குடுங்க," என்றார் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர். கொடுத்தேன்.

சிவலிங்கம் மாமா பின்னை வாங்கி வேட்டியில் துடைத்தார்.

"இத மாட்ட மறந்துட்டாரா மாமா?"

சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மாட்டியிருந்தாத்தாம்மா தப்பு. பிளேன் நிக்கிறப்ப சீட்டு தானா வெடிச்சுடக் கூடாதுன்னு சொருவி வெக்கிறது இது. கெளம்புறதுக்கு முன்ன உருவி, பைலட்டுக்குத் தூக்கிக் காட்டணும். திரும்பி வந்ததும் சொருவணும். அது வரலியே."

"அப்ப அவரு ஏன் குதிக்கல?"

"பறவை மோதி இஞ்சின் நின்னுபோச்சு. நேரம் பத்தல. உங்கப்பன் சாயங்காலம் வரைக்கும் இதக் கையில வெச்சுக்கிட்டு ரன்வே ஓரமா நின்னான். நாங்கதான் இழுத்துட்டு வந்தோம். விசாரணையில அவன் மேல ஒரு கொறையும் சொல்லல. ஏன், வூட்ல சொல்லலியா?"

சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உங்களாலதானேப்பா அந்த ஆளு செத்தாரு?" என்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டார்.

இதை மாமாவிடம் சொல்லவில்லை. மோர் கொடுத்தார், குடித்தேன்.

கல்லங்குறிச்சியிலிருந்து திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வந்த ஆட்டோவையே நிற்கச் சொல்லுங்கள். முகத்துக்கு ஒரு துணி எடுத்துப் போங்கள். என்னைப் போல அப்பாவின் பிரிவு வரலாற்றைத் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் அவரோடு வேலை பார்த்தவரைப் பாருங்கள். அப்பாவிடம் அதற்குப் பிறகு கேளுங்கள். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.