ஷெரினுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்

பள்ளிக்கூட வாசலில் மைக் செட்டு கட்டி, தர்ணா உட்கார்ந்து, பெற்றோருக்காகச் சண்டை போடுவது என் தொழில். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தவறாமல் வரும்.

ஷெரினுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில் சோம்பேறி என்றார்கள். அடுத்து கடைசி பெஞ்சு. பிறகு டியூஷன். அதற்கும் பின் கண்ணாடி. கண்ணில் கோளாறே இல்லை. கடைசியாக, பரீட்சையில் தேறாவிட்டால் மறுபடியும் நாலாம் வகுப்பு, அதாவது இப்போது மூன்றாவது படிக்கும் தம்பியோடு ஒரே வகுப்பு. எழுத்து பிடிபடாத பிள்ளையைப் பெற்றவர்களே, இந்த வரிசை உங்களுக்கும் மனப்பாடம்தானே?

சீனாவில் படித்தவள்

ஷெரினின் அப்பாவுக்குச் சீனாவில் வேலை. அங்கே சீனமும் ஆங்கிலமும் படித்துவிட்டு, போன வருடம்தான் மயிலாப்பூருக்கு வந்தாள். சீனப் புத்தகம் ஓரளவு ஓடும். ஆங்கிலத்தில் வரிக்கு வரி இடறுவாள். அடையாறில் ஒரு நிபுணர் சோதித்து, டிஸ்லெக்சியா என்று எழுதிக் கொடுத்தார்.

சில பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் இடறும், சிலருக்கு ஒன்றில் மட்டும் அதிகம். சீனத்தில் முழு வடிவத்தைப் பார்த்தே சொல்லைப் பிடிக்கலாம், ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஒலி கூட்ட வேண்டும் என்று துண்டுப் பிரசுரமே அடித்தேன். தலைமையாசிரியர் அதை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். "சீனமே படிக்கிறவளுக்கு ஏபிசிடி என்ன சார் கஷ்டம்? கொழுப்பு!"

பல் டாக்டர்

அவளுக்குச் சீனம் வரும் என்பதற்கும் சாட்சி கேட்டார்கள். எங்கள் பெற்றோர் சங்கச் செயலாளர் பாஸ்கர் மூளையைக் கசக்கி, தி. நகரில் பரம்பரையாகப் பல் வைத்தியம் பார்க்கும் சீன வம்சாவளி டாக்டரிடம் எங்களைக் கூட்டிப் போனார். ஷெரினின் சீனப் புத்தகத்தைப் பவ்யமாக நீட்டினார். டாக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எங்க தாத்தா காலத்துலேருந்து மெட்ராஸ்ல கீறோம் நைனா. இதுல எனக்கு இன்னா தெரியும்? வாயைத் தொற, சொத்தை இருந்தா சொல்றேன்!"

பெற்றோர் கூட்டம்

பரீட்சையில் ஷெரினுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று எழுந்து பேசினேன். சக பெற்றோர் ஆயிற்றே, கை தட்டுவார்கள் என்று நினைத்த என் அறிவை என்னவென்பது! முன் வரிசை மாமி திரும்பினார். "எங்காத்துப் பையனும்தான் விழுந்து விழுந்து படிச்சுண்டிருக்கான். அந்த டிஸ்லெக்சியாவை எங்கே தரான்னு சொல்லுங்கோ, நாங்களும் வாங்கிக்கறோம்!"

மேஜைமேல் இருந்தது

கடைசியில் தலைமையாசிரியர் அறையில் விசாரணை. சாட்சிக்கு இரண்டு டீச்சர்கள், ஷெரினின் அம்மா, பாஸ்கர், நான். "இங்கிலீஷ்ல எதையாவது படிக்கட்டும், பார்ப்போம்" என்றார் அவர்.

ஷெரின் மேஜைமேல் இருந்த அவருடைய பெயர்ப்பலகையில் விரலை வைத்தாள். முதல் எழுத்தில் நின்றாள், நகர்ந்தாள், திரும்ப முதலுக்கே வந்தாள். ஒரு டீச்சர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். சொந்தப் பெயரை யாரும் அரைகுறையாக விடுவார்களா? "ச்சூ, அவளே படிக்கட்டும்" என்று அடக்கினார் தலைமையாசிரியர். மணி அடித்து, பிள்ளைகள் கலைந்து, வராந்தாவே ஓய்ந்துவிட்டது. அவர் அசையவில்லை. அவள் முழுசாகப் படித்து முடித்தாள்.

"கூடுதல் நேரம் நீங்களே கொடுத்துவிட்டீர்கள் சார், அவளும் படித்துவிட்டாள்" என்றேன். அவர் பேனாவைத் தேடினார். "சரி, பரீட்சைக்கும் தர்றேன். ஆனா இனிமே வாசல்ல மைக் செட்டு கூடாது!"

ஆக, நிபுணர் சான்றும் தர்ணாவும் என் பிரசுரமும் அசைக்க முடியாத மனிதரை அசைத்தது, ஐந்து சாட்சிகள் முன்னால் ஷெரின் உரக்கப் படித்த ஒரே ஒரு பெயர்தான்: செபாஸ்டியன் ஆரோக்கியராஜ்.